குப்பைத்தொட்டியைப் பீடத்துக்குச் சுமந்து வந்தவருக்கு

அன்பிற்கும் அச்சத்திற்கும் ஒருங்கே உரியவரே, அடங்காத குரலும் அணையாத நெஞ்சும் ஆண்டவர் அளித்த ஆடையாய் அணிந்தவரே, இருபத்தேழு ஆண்டுகள் எங்கள் ஞாயிறு பள்ளியின் தலைமையாசிரியராய் இருந்து பிள்ளைகளுக்குப் பாட்டும் பெரியவர்களுக்குப் பாடமும் புகட்டிய பெருந்தகையே, பிள்ளைகள் வாயால் இடியக்கா என்று பெயர் பெற்று, அந்தப் பெயருக்கு ஒரு நாளும் பழுது வராமல் காத்தவரே, உடன் பணியாற்றிய எங்கள் வணக்கம்.

இந்த மடலுக்கென்று சபைக்குழு எங்களுக்கு ஒரு மாதிரி கொடுத்தது. அதில் தங்களைச் சாந்த சொரூபி என்றும், அதிர்ந்து பேசி அறியாதவர் என்றும் எழுதியிருந்தது. போன வருடம் விடைபெற்ற பாடகர் குழுத் தலைவருக்கு எழுதியதையே எடுத்து ஆளை மட்டும் மாற்றியிருந்தார்கள். ஓரிடத்தில் மாற்ற மறந்து தங்கள் கம்பீரமான மீசையையும் புகழ்ந்திருந்தார்கள். அந்தத் தாளை நான்காய் மடித்து, ஞாயிறு பள்ளியில் ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, இதை நாங்களே எழுதினோம்.

தங்களுக்குச் சாந்தம் கிடையாது. இருந்தது கோபம். அது இல்லையென்றால் இன்று முன்வரிசையில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருக்கும் நாற்பத்தொரு பிள்ளைகள் இங்கே இல்லை. ஆகவே இது ஒரு கோபத்துக்கு நாங்கள் செய்யும் மரியாதை. எங்கள் கோபமும் இதில் கொஞ்சம் கலந்திருக்கும். கொஞ்சம் என்ன, நிறையவே.

மடல் என்றால் 'தாங்கள், தாங்கள்' என்று முகம் பார்த்துச் சொல்வதே முறை. ஆனால் இங்கே கூடியிருப்பவர்களில் பாதிப்பேர் ஏழு வருடங்களுக்கு முன் நடந்ததை அறியாதவர்கள். அறிந்தவர்களில் பாதிப்பேர் மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். அவர்களுக்காகச் சிறிது நேரம் தங்களை 'அவர்' என்று தள்ளி நிறுத்தி, நடந்ததை நடந்தபடி சொல்ல உத்தரவு தாருங்கள். தாங்கள் எங்களிடம் சொன்னதும் நாங்கள் கண்ணால் கண்டதும் தவிர இதில் வேறொன்றும் இல்லை.

அவர் பிழைப்புக்குச் செய்தது மருத்துவமனைச் சலவைக்கூடத்து வேலை. ஆளுயர இயந்திரங்கள் ஆறு, காலையிலிருந்து மாலை வரை படுக்கை விரிப்புகளை விழுங்கித் துப்பிக்கொண்டிருக்கும் இடம் அது. அங்கே மெல்லப் பேசினால் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். முப்பத்தைந்து வருடம் அந்த இரைச்சலோடு மல்லுக்கட்டிப் பேசிய தொண்டை, ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும் எப்படித் தாழும்? 'காலை வணக்கம்' என்று அவர் வாசலில் சொன்னால், பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருப்பவர் கை ஒரு நொடி நிற்கும்.

அந்தக் குரலுக்கு அடங்காத ஒன்று பத்து வருடங்களுக்கு முன் இந்த ஆலயத்தில் எழும்பியது. சபைச் செயலர் தொழிலால் கட்டட ஒப்பந்ததாரர். அவர் ஆலயத்தின் பின்பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை கட்டினார். இரட்டைக் கண்ணாடி, குளிர்சாதனம், தரையில் மெத்தை விரிப்பு. உள்ளே இடியே விழுந்தாலும் வெளியே கேட்காது. வெளியே நடக்கும் ஆராதனை மட்டும் ஒலிபெருக்கி வழியே உள்ளே கேட்கும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எல்லாரும் இனி அங்கேதான் என்று அறிவித்தார்கள். ஆராதனைக்கு இடைஞ்சல் இருக்கக் கூடாதாம். பிள்ளைகளை எங்கே வைத்தால் பெரியவர்களுக்குப் பக்தி வரும் என்று கணக்குப் போட்டவர்கள், பிள்ளைகளுக்குப் பக்தி எங்கிருந்து வரும் என்று கேட்கவே இல்லை.

இடியக்கா கேட்டார்.

"மீன் தொட்டி மாதிரி இருக்கு ஐயா."

"ஏசி போட்டிருக்கோமேம்மா," என்றார் செயலர்.

"மீனுக்கும்தான் காத்து விடறாங்க."

பேச்சில் அவர்தான் வென்றார். கண்ணாடி மட்டும் அங்கேயே இருந்தது.

அதே வருடம் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகள் ஞாயிறு பள்ளிக்கு வந்தாள். வயது ஆறு. பிறவியிலேயே காது கேளாதவள். மற்ற பிள்ளைகளுக்காவது அந்த அறையில் ஒலிபெருக்கி இருந்தது. அவளுக்கு அது சுவரில் மாட்டிய பெட்டி, அவ்வளவுதான். முதல் ஞாயிறன்று இடியக்கா தம் வழக்கப்படி அவளை வரவேற்றார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என் தொண்டை எடுபடாத ஆளை அன்னைக்குத்தான் முதல்முறையாப் பார்த்தேன்," என்று அவர் பிற்பாடு எங்களிடம் சொன்னார். அடுத்த வாரமே, ஐம்பது வயதில், காது கேளாதோர் பள்ளி நடத்திய மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தார். விரிப்பு மடித்து மடித்துத் தடித்துப்போன விரல்கள் முதலில் வளைய மறுத்தன. வேலைக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்து மடியில் கையை வைத்துப் பழகினார். பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனதும் உண்டு.

ஓட்டுநர் மகளுக்கு ஒன்பது வயது ஆனபோது ஆலயத்துக்கு எழுபத்தைந்தாம் ஆண்டு வந்தது. பேராயர் வருவதாக ஏற்பாடு. இடியக்கா பிள்ளைகளைக் கூட்டி, "உங்களால என்ன முடியுமோ அதை ஆண்டவருக்குக் கொண்டு வாங்க. கடையில வாங்கினது மட்டும் வேண்டாம்," என்றார். முப்பத்துநான்கு பிள்ளைகளும் கொண்டுவந்தார்கள். தையற்காரர் மகள் பீடத்துக்கு ஒரு விரிப்பு தைத்திருந்தாள். நான்கு ஓரமும் நான்கு அளவு. இரட்டையர் பழைய பழப்பெட்டியை உடைத்துக் குருவிக்கூடு செய்திருந்தார்கள். மீன்கடைக்காரர் மகன், ஆறு வயது, ஒரு தீப்பெட்டியை நீட்டினான். திறந்தால் பஞ்சின்மேல் ஒரு பால்பல்.

"இது என்னடா?" என்றார் இடியக்கா.

"மத்ததெல்லாம் அப்பா வாங்கிக் குடுத்ததுக்கா. இது மட்டும்தான் என்னோடது."

ஓட்டுநர் மகள் முப்பத்திரண்டு படங்கள் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றிலும் இரண்டு கைகள். கர்த்தருடைய ஜெபத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து, எந்தச் சொல்லுக்குக் கை எப்படி இருக்க வேண்டும் என்று பென்சிலால் வரைந்து, ஓரத்தில் எண் போட்டிருந்தாள். அதைப் பார்த்து மற்ற முப்பத்துமூன்று பேருக்கும் அவளே மூன்று மாதம் கற்றுக்கொடுத்தாள். கண்ணாடி அறைக்குள் அவள் ஒருத்தி ஆசிரியை ஆனாள். ஆண்டு விழா ஆராதனையில் காணிக்கைக்குப் பிறகு அவள் முன்னால் நின்று கையால் அந்த ஜெபத்தை நடத்துவதாக நிகழ்ச்சி நிரலில் அச்சடித்தும் ஆயிற்று.

சனிக்கிழமை மாலை பிள்ளைகள் தங்கள் காணிக்கைகளைப் பீடத்துப் படிகளில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஞாயிறு காலை எட்டரைக்கு ஓட்டுநர் மகள் வந்து பார்த்தபோது படிகளில் வெள்ளைப் பூச்சாடிகள் வரிசையாக நின்றன. அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் சொல்லத் தெரிந்தவர் ஒருவர்தான். தானே தேடினாள். பொருளறையில் தேடி, பாடகர் அறையில் தேடி, கடைசியில் சமையலறைக்குப் பின்னால் இருந்த பச்சைக் குப்பைத்தொட்டியின் மூடியைத் திறந்தாள். பிறகு இடியக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அங்கே போய் நிறுத்தினாள்.

குருவிக்கூடு நசுங்கிக் கிடந்தது. விரிப்பின்மேல் யாரோ காபித்தூளைக் கொட்டியிருந்தார்கள். முப்பத்திரண்டு படங்களும் ஒரே சுருளாகச் சுருட்டி, வடிகட்டிய தேயிலைக்குள் செருகப்பட்டிருந்தன. அந்தப் பெண் அழவில்லை. கையால் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: நான் தப்பாக வரைந்துவிட்டேனா?

அந்தக் கேள்வியை எங்களிடம் சொல்லும்போதெல்லாம் இடியக்காவின் குரல் உடைந்திருக்கிறது. ஆனால் அன்று உடையவில்லை. பிள்ளையை அறைக்கு அனுப்பிவிட்டு நேரே செயலரிடம் போனார்.

"ஐயா, படியில பிள்ளைங்க வச்சதெல்லாம் எங்கே?"

"பேராயர் வர்ற நாளும்மா. வீடியோ வேற எடுக்கிறாங்க. அட்டையும் தீப்பெட்டியுமா கிடந்தா பார்க்க நல்லாவா இருக்கும்? பத்திரமா எடுத்து வைக்கச் சொன்னேன்."

"தேயிலைக்குள்ள பத்திரமா இருக்கு."

"பசங்க சமாச்சாரம்தானே. அடுத்த வாரம் புதுசா செய்யச் சொல்லுங்க. இன்னொண்ணு, அந்தக் கை ஜெபமும் இன்னைக்கு வேண்டாம், நேரம் இல்லை. சத்தமே இல்லாத ஜெபம், வீடியோவில என்ன தெரியப்போகுது?"

வீடியோவில் தெரிவதே கைதான் என்று செயலருக்குத் தோன்றவில்லை. இடியக்கா பதில் பேசாமல் போனதை அன்றுதான் இந்த ஆலயம் முதன்முதலாகப் பார்த்தது. சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீரில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாராம். "அவர் பக்கத்துலயே நின்னிருந்தா அடிச்சிருப்பேன். விரல் விறைக்கிற வரைக்கும் தண்ணியில வச்சிருந்தேன்," என்றார்.

ஆராதனை தொடங்கியது. பிள்ளைகளைக் கண்ணாடி அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தியவர்கள் நாங்கள்தான். காணிக்கைப் பாட்டு எழும்பியது. தட்டு ஏந்தியவர்கள் இருவர் இருவராக நடுப்பாதையில் பீடத்தை நோக்கி நடந்தார்கள். கடைசி இருவருக்குப் பின்னால் அவர் வந்தார். இடுப்பில் அந்தப் பச்சைத் தொட்டி. அதற்குச் சக்கரம் உண்டு. உருட்டினால் ஆராதனையில் சத்தம் வருமே என்று தூக்கிக்கொண்டு வந்தார். இந்தச் சபையிலேயே சத்தம் மிகுந்தவர் என்று பெயர் எடுத்தவர், செருப்பையும் வாசலில் கழற்றிவிட்டு, நனைந்த துணிமூட்டையைத் தூக்குவதுபோல் அதைத் தூக்கி, ஓசை எழாமல் நடந்து வந்தார். பாட்டு வரிசை வரிசையாக அறுந்தது. ஆர்கன் மட்டும் தனியாக இரண்டு வரி வாசித்து, அதுவும் நின்றது.

தொட்டியைப் படியருகே இறக்கினார். "இதுவும் காணிக்கைதான். பிள்ளைங்க கொண்டு வந்தது," என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை. பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார். முன்றானையால் துடைத்தார். யாருடைய பிள்ளை செய்தது என்று சொல்லிப் படியில் வைத்தார். செயலர் எழுந்து, "யாராவது போய் அந்தம்மாவை…" என்றார். ஒருவரும் நகரவில்லை. அதைத் துணிச்சல் என்று எண்ண வேண்டாம். எங்களுக்குக் கால் வரவில்லை, அவ்வளவுதான்.

பேராயர் இருக்கையை விட்டு இறங்கி வந்தார். தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். "இது என்ன?" என்று கேட்டார்.

பின்னால் கண்ணாடிக்கு உள்ளே மீன்கடைக்காரர் மகன் குதித்துக் குதித்துக் கத்தினான். வாய் திறந்து மூடுவது தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது தெரிந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. அவனைச் சுற்றி முப்பது பிள்ளைகள் கண்ணாடியில் கையையும் மூக்கையும் அழுத்திக்கொண்டு கத்தினார்கள். சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மூன்று வருடமாக அந்த அறைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவர்கள் அன்றுதான் அதை முகத்துக்கு முகம் பார்த்தார்கள். கட்டியவர்களுக்கு அது வசதி. பார்த்தவர்களுக்கு அது கூண்டு.

அப்போது ஓட்டுநர் மகள் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். கைகளைத் தூக்கினாள். பிள்ளைகள் கத்துவதை விட்டு அவளைப் பார்த்தார்கள். அவள் ஜெபத்தைத் தொடங்கினாள். ஒரு நொடி பின்தங்கி, முப்பத்துமூன்று ஜோடிக் கைகள் அவளோடு எழுந்தன.

சத்தத்தை நிறுத்தக் கட்டிய கண்ணாடி கையை நிறுத்தவில்லை. ஆனால் அந்தக் கைகள் சொன்னது என்ன என்று இங்கே தெரிந்தவர் ஒருவர்தான். அவர் பீடத்துப் படியில், காபித்தூள் ஒட்டிய கையோடு நின்று, அங்கே அவர்கள் கையால் சொல்வதை இங்கே வாயால் சொன்னார். இப்போது அவர் குரல் பழைய குரல். அந்தப் பெண் நிறுத்திய இடத்தில் நிறுத்தினார். அவள் தொடர்ந்தபோது தொடர்ந்தார். மன்னிப்பைப் பற்றிய வரி வந்தது. அதற்கு அவள் ஓர் உள்ளங்கையை மறு கையால் மெல்லத் துடைத்துவிடுவாள். அந்த வரியில் மட்டும் இடியக்கா வாய் திறக்கவில்லை. அவள் இரண்டாம் முறையும் துடைத்துக் காட்டினாள். மூன்றாம் முறை கண்ணாடிக்கு அப்பாலிருந்து அவரையே பார்த்துக்கொண்டு துடைத்தாள். அதற்குப் பிறகுதான் அவர் அந்த வரியைச் சொன்னார். சொல்லிவிட்டு, "சொன்னேன், ஆனா நினைச்சுச் சொல்லல," என்று ஆராதனை முடிந்ததும் போதகரிடம் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்கும் இந்த மடலில் ஓரிடம் வேண்டும்.

பேராயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மதியமே ஊருக்குப் புறப்பட்டும் போனார். பெரியவர்களுக்குக் கண் கலங்குவது எளிது. கலங்கிய கண்ணோடு காரில் ஏறிவிடலாம். புதன்கிழமை சபைக்குழு கூடியது. ஆராதனையின் ஒழுங்கைக் குலைத்தார், பரிசுத்த இடத்தில் அசுத்தத்தைக் கொண்டுவந்தார் என்று இரண்டு குற்றம் எழுதி, அவரை ஞாயிறு பள்ளிப் பொறுப்பிலிருந்து நீக்கியது. அசுத்தம் என்று எழுதப்பட்டது பிள்ளைகளின் காணிக்கை. அதைக் குப்பையில் போட்ட கையைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

இனி சொல்வதைச் சொல்ல எங்களுக்குக் கூசுகிறது. ஆனாலும் சொல்கிறோம். அந்தக் கடிதத்தில் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் பன்னிரண்டு பேரின் கையெழுத்தும் கேட்டார்கள். நாங்கள் பன்னிரண்டு பேரும் போட்டோம். ஒருவர் மட்டும் பேனா எழுதவில்லை என்று இழுத்துப் பார்த்தார். வேறு பேனா கொடுத்ததும் போட்டார். யாரும் எங்கள் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. எதற்கு வம்பு என்று நினைத்தோம். கோழைத்தனத்துக்கு நாங்கள் வைத்திருந்த செல்லப் பெயர் அது.

இருபது மாதம் அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் முப்பத்துநான்கு இருபதாகி, இருபது ஒன்பதாயிற்று. ஓட்டுநர் குடும்பம் வருவதை நிறுத்திவிட்டது. அவர் ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனார்.

"அக்கா, என் பொண்ணு வரைஞ்சதைத் தேயிலையில பார்த்தப்புறம் எனக்கு அந்த வாசல் மிதிக்க மனசு வரல," என்றார் ஓட்டுநர்.

"நானா இருந்தாலும் மிதிக்க மாட்டேன் தம்பி. உன்னைக் கூப்பிட வரல. எனக்குக் கை மொழி மறந்துடும், அவளோட பேசிட்டுப் போறேன்."

ஓட்டுநரின் மனைவி சாப்பாட்டு மேசையைத் துடைத்து இடம் கொடுப்பார். ஒன்பது வயதும் ஐம்பத்துமூன்று வயதும் எதிரெதிரே உட்கார்ந்து மாலை வரை சத்தமில்லாமல் வாயாடுவார்கள்.

எங்களில் முதலில் தாங்க முடியாமல் போனவர் ரொட்டிக்கடைக்கார அம்மா. அவருடைய வகுப்பில் ஒரு நாள் ஒரு சிறுமி, "டீச்சர், நாங்க இந்த வாரம் ஏதாவது செஞ்சு கொண்டு வந்தா எங்கே போடுவீங்க?" என்று கேட்டாளாம். அவர் அன்று மாலையே சபைக்குழுவுக்கு முன் போய் நின்றார்.

"அந்தக் கடிதத்தைக் கொடுங்க ஐயா. என் கையெழுத்தை அடிக்கணும்."

"போட்டதைத் திரும்ப எடுக்க முடியாதும்மா," என்றார் செயலர்.

"அப்போ வர்ற ஞாயித்துக்கிழமையிலேருந்து நீங்களே வந்து பாடம் எடுங்க. ஏழரைக்கு வந்துடுங்க. ஒன்பது பேர் இருக்காங்க, ஒன்பது பேரும் கேள்வி கேப்பாங்க."

வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு அதற்குமேல் வெளியே நிற்க முகம் இல்லை. உள்ளே போனோம். பதினொரு பேரும் அதையே சொன்னோம். போதகர் தலையைக் குனிந்தபடி கடிதத்தை எடுத்து எங்கள் முன்னால் கிழித்தார். அவரை நாங்கள் பாராட்டவில்லை. கிழிக்க இருபது மாதம் ஆனது.

மறுநாள் பன்னிரண்டு பேரும் சலவைக்கூடத்துக்குப் போனோம். நீராவி முகத்தில் அடித்தது. அவர் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, இயந்திரத்தைக் காட்டி ஏழு விரல் காட்டினார். ஏழு நிமிடம் நிற்க வைத்தார். இயந்திரம் ஓய்ந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்றோம்.

"நீங்க எனக்கு எதிரா எழுதினது எனக்குப் பெரிய வலி இல்லை. நான் வளர்ந்தவ, தாங்கிப்பேன். அந்தப் பொண்ணு தான் தப்பா வரைஞ்சிட்டதா நினைச்சுக்கிட்டிருந்தா. ரெண்டு வருஷமா உங்கள்ல ஒருத்தர் போய், நீ சரியாத்தான் வரைஞ்சே, நாங்கதான் தப்புன்னு சொன்னீங்களா?"

யாரும் சொல்லவில்லை.

"போய்ச் சொல்லுங்க. வாயால இல்லை, அவளுக்குக் கேக்காது. கையால."

அங்கேயே, ஈர விரிப்புகளுக்கு நடுவே நிறுத்தி, பன்னிரண்டு பேருக்கும் அந்த ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தார். தபால்காரருக்கு மட்டும் அரைமணி நேரம் ஆனது. அன்று மாலை ஓட்டுநர் வீட்டு முன்னறையில் பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்று கையை ஆட்டினோம். அவள் ஒவ்வொரு கையாக உற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, தபால்காரரின் கட்டைவிரலைப் பிடித்துச் சரியான இடத்தில் மடித்து வைத்தாள். மன்னிப்பதற்கு முன் எங்கள் பிழையைத் திருத்தினாள்.

அவர் மீண்டும் பொறுப்பேற்ற ஞாயிறன்று பிள்ளைகள் முன்வரிசைக்கு வந்தார்கள். அப்படியானால் கண்ணாடி அறையை என்ன செய்வது என்று செயலர் கேட்டார். "இருக்கட்டும் ஐயா. பிள்ளைங்க சத்தம் தாங்காதவங்க உள்ளே போய் உட்காரட்டும். ஏசி இருக்கு," என்றார் இவர். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆனால் செயலர் மெய்யாகவே அடுத்த வாரம் உள்ளே போய் உட்கார்ந்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். இந்த மடல் அவருக்கு ஒலிபெருக்கி வழியே கேட்டுக்கொண்டிருக்கிறது. ஐயா, கதவு பூட்டியில்லை. எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம். பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

இதற்கு மேல் 'அவர்' என்று சொல்ல மனம் வரவில்லை. தங்களிடமே திரும்புகிறோம், அக்கா.

அதன் பிறகு இந்த ஆலயத்தில் பிள்ளைகள் வேதம் வாசித்தார்கள், ஜெபம் செய்தார்கள், தவறாக வாசித்துத் திருத்திக்கொண்டார்கள். ஒரு குழந்தை பிரசங்கத்தின் நடுவே, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டது, எல்லாரும் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான். வாராவாரம் படிகளில் எதையாவது கொண்டுவந்து வைத்தார்கள். வைத்தது வைத்த இடத்தில் இருந்தது. இது தங்களால் ஆயிற்று. பிறர் தயவால் அன்று.

சென்ற ஆண்டு சபைக்குழு ஒரு புதிய விதி கொண்டுவந்தது: அறுபது வயது நிறைந்தவர் ஞாயிறு பள்ளி ஆசிரியராகத் தொடரலாகாது. எங்கள் பள்ளியில் அறுபதைத் தொட இருந்தவர் ஒருவர்தான். விதியை முன்மொழிந்தவருக்கு எழுபத்துமூன்று. சபைக்குழுவுக்கு வயது வரம்பு கிடையாது. எதிர்த்து எழுதினோம், எதிர்த்துப் பேசினோம், தோற்றோம். ஆகவே இந்தப் பூமாலையும் இந்தப் பொன்னாடையும் இந்த இனிய சிற்றுண்டியும் தாங்கள் கேட்டுப் பெற்றவை அல்ல. கழுத்தைப் பிடித்துத் தள்ளும் கைக்குப் பட்டுறை போட்டிருக்கிறார்கள். தாங்கள் மேடையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எல்லாரும் பார்க்கிறோம். அப்படியே இருங்கள். படம் எடுப்பதற்காகச் சிரிக்க வேண்டாம்.

ஆனால் நாங்கள் அந்த விதியை மூன்று முறை படித்தோம். ஆசிரியருக்குத்தான் வயது வரம்பு. மாணவருக்கு இல்லை. போன ஞாயிறு பிள்ளைகள் கூட்டம் போட்டார்கள். பால்பல் கொடுத்த பிள்ளைக்கு இப்போது பதிமூன்று வயது, அவன்தான் முன்மொழிந்தான். நாற்பத்தொரு பிள்ளைகளும் கை தூக்கினார்கள். வரும் ஞாயிறு முதல் தாங்கள் மழலையர் வகுப்பில் மாணவர். வருகைப் பதிவேட்டில் நாற்பத்திரண்டாவது வரி தங்களுடையது. மாணவர் ஆராதனையில் வாசிக்கலாம், ஜெபிக்கலாம், ஆசிரியரைக் கேள்வி கேட்டுத் திணறடிக்கலாம். ஏழரைக்கு வர வேண்டும். பிந்தினால் வாசலில் நிறுத்துவோம்.

இதற்கு மறுப்புச் சொல்ல விரும்புகிறவர் எவரேனும் இருந்தால், எழுந்து, முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து இப்போதே சொல்லட்டும். அதற்காக ஒரு நிமிடம் வாசிப்பை நிறுத்துகிறோம்.

யாரும் எழமாட்டார்கள் என்று நம்பியே மேலே எழுதியிருக்கிறோம்.

தங்கள் முழங்கால் வலி விலகுக. முதுகு நிமிர்க. விரல்கள் விறைக்காதிருக்க. உண்ட உணவு செரித்து, உறங்கிய உறக்கம் ஆழ்ந்து, எழும் நாளெல்லாம் எவரையாவது நியாயமாகக் கோபித்துக்கொள்ளும் வலிமையோடு, பல்லாண்டு தாங்கள் எங்கள் நடுவே வாழ ஆண்டவரை வேண்டுகிறோம். இந்த மடலை நாங்கள் வாசிக்க, எங்கள் பக்கத்தில் நின்று கைகளால் சொல்லிக்கொண்டிருக்கும் ஓட்டுநரின் பதினாறு வயது மகளும் இதையே வேண்டுகிறாள். அவள் கை மொழியில் இது இன்னும் அழகாக இருக்கும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

இவண்,
ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள்

ரொட்டிக்கடைக்கார அம்மா, தபால்காரர், மருந்துக்கடைப் பெண், இரட்டையரின் தாய் முதலாகப் பதினொருவர். பன்னிரண்டாமவர், மறுபடியும் எதற்கு வம்பு என்று, இப்போது கையெழுத்திட இயலாது என்றார். அவருக்காகக் கீழே ஒரு வரி வெறுமையாக விட்டு, மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறோம். கண்ணாடியைக் கழற்றுவது எளிது. பேனாவும் பக்கத்திலேயே இருக்கும்.